ஏலத்துக்கு வரும் பழைய ஷெவர்லே வி8: எந்த எண் எதைச் சொல்கிறது

"1969 கமாரோ இசட்28-இன் 302 இன்ஜின், பிளாக் எண் 3970010." இணைய ஏலப் பக்கத்தில் இப்படி ஒரு வரி. கமாரோ இசட்28 ஷெவர்லேயின் பந்தய வகைக் கார், 302 என்பது கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவு, பிளாக் என்பது சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பு உடல். பக்கத்திலேயே அந்த எண் பளிச்சென்று தெரியும் ஒரு படம். எண்ணில் பொய் இல்லை. 1969 இசட்28 இன்ஜின்களில் இந்த எண்ணுள்ள பிளாக் வந்தது உண்மைதான். ஆனால் அதே எண்ணைத் தாங்கிய பிளாக்கை ஷெவர்லே எழுபதுகளின் கடைசி வரைக்கும் குடும்பக் கார், பிக்கப், வேன் என்று கண்டதற்கெல்லாம் 350 இன்ஜினாக வார்த்துத் தள்ளியது. காய்கறி ஏற்றிய பிக்கப்பிலிருந்து இறக்கிய இன்ஜினையும் பந்தயத்துக்கென்று கட்டிய இன்ஜினையும் அந்த ஏழு இலக்கம் பிரித்துக் காட்டாது.

பழைய இன்ஜின் வியாபாரத்தில் பொய் எண் அடிப்பவர்களைவிட, உண்மையான எண்ணைக் காட்டி அது சொல்லாததைச் சொல்வதாக நம்பவைப்பவர்கள்தான் ஆபத்தானவர்கள். பொய் எண்ணைக் கண்டுபிடித்தால் கேட்க நியாயம் இருக்கிறது. இவர்களிடம் போய், "இசட்28 என்றீர்களே" என்று கேட்டால், "பிளாக் எண்ணைத்தானே போட்டேன், முடிவு செய்தது நீங்கள்தானே" என்பார்கள்.

ஷெவர்லேயில் இது எளிதாக நடக்க ஒரு காரணம் உண்டு. 1955-இல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய சின்ன பிளாக் வி8, பிறகு 283, 302, 305, 307, 327, 350, 400 என்று பல அளவில் வந்தது. வெளிக்கூடு ஏறக்குறைய ஒன்றே. உள்ளே சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும்தான் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) மாறுகின்றன. 302-இன் விட்டம் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.00. 350-க்கும் விட்டம் அதே 4.00, ஸ்ட்ரோக் மட்டும் 3.48. பெயின்ட் அடித்து ஸ்டாண்டில் நிறுத்தினால் தேர்ந்த மெக்கானிக்கும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

302-க்கு ஏன் இவ்வளவு கிராக்கி? அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார் பந்தயத்தில் 305 கன அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு இருந்தது. 327-இன் விட்டத்தையும் 283-இன் ஸ்ட்ரோக்கையும் சேர்த்து அந்த வரம்புக்குள் அடங்கும்படி கட்டிய இன்ஜின் இது. இசட்28 கார்கள் 1967-இல் 602, 1968-இல் 7,199, 1969-இல் 20,302 வெளிவந்தன. அந்த இன்ஜின்களில் பல பந்தயத்தில் உடைந்தன, பல தெருவில் வெடித்தன. கார் மிஞ்சியது, இன்ஜின் மிஞ்சவில்லை. காருக்குரிய இன்ஜினைத் தேடுபவர்கள் பெருகியபோது, அதை "உருவாக்கித்" தருபவர்களும் பெருகினார்கள்.

வார்ப்பில் வந்த எண்

இடம், வலம் என்று இனி சொல்வதெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும் கணக்கு. பிளாக் எண், இடப்புறச் சிலிண்டர் ஹெட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் வந்து சேரும் விளிம்பின் மேல் இருக்கும். வார்ப்பிலேயே புடைத்து வந்த எண், அதனால் அதை மாற்றுவது கடினம். ஆனால் அது சொல்வது ஒன்றைத்தான்: இந்த பிளாக் எந்த அச்சில் வார்த்தது. எந்த அளவு இன்ஜினாக முடித்தார்கள், எந்தக் காரில் ஏற்றினார்கள் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

எண்பதுகளின் பிளாக்கில் இதைவிடச் சில்லறையான தந்திரம் ஒன்று நடக்கிறது. 14010207 என்பது 350 பிளாக். 14010201 என்பது 305. கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. பெயின்ட் கட்டிய வார்ப்பில், மங்கலான படத்தில் 1-ம் 7-ம் ஒன்றுபோலவே தெரியும். 305-இன் விட்டம் 3.736 அங்குலம்தான், அதை 4.00-க்கு ரீபோர் செய்ய (கடைந்து பெரிதாக்க) சுவரில் கனம் இல்லை. வாங்கியவர் ஹெட்டை இறக்கிக் காலிப்பரை வைத்தால் 101.6 மில்லிமீட்டருக்குப் பதில் 95-க்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும்; கதை அங்கே முடிந்தது. ஆகவே கடைசி இலக்கம் மங்கலாக இருக்கும் படத்தை எண் இல்லாத படமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வார்ப்புத் தேதி பெரும்பாலான சின்ன பிளாக்கில் வலப்புறப் பின்விளிம்பில் இருக்கும். முதலில் ஓர் எழுத்து, அது மாதம்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்து நாள். கடைசியில் ஆண்டின் ஒற்றை இலக்கம். "சி 14 9" என்றால் மார்ச் 14, ஆண்டு 9-இல் முடிகிறது. எந்தப் பத்தாண்டின் 9? அதை அந்தத் தேதி சொல்லவே சொல்லாது. 3970010 பிளாக் 1969-இலும் வந்தது, 1979-இலும் வந்தது. 1979 மார்ச்சில் வார்த்த பிளாக்கை 1969 மார்ச் என்று விற்க ஒரு கீறல்கூடப் போட வேண்டாம். வார்ப்பு எண் சரி, தேதியும் சரி, படம் தெளிவு, ஆனால் பத்து வருடம் தள்ளியிருக்கிறது. இந்த வலையில் விவரம் தெரிந்தவர்களும் விழுகிறார்கள், ஏனென்றால் இரண்டு எண்ணும் பொருந்தியதும் மனம் அடங்கிவிடுகிறது.

அந்தப் பத்து வருடத்தைப் பிரிப்பது அடுத்த குறிதான்.

முன்திட்டு

பிளாக்கின் முன்பக்கம், வலப்புற ஹெட்டுக்கு முன்னால், விரல் அகலத்தில் தட்டையாக ஓர் இடம், அதாவது திட்டு, நீட்டிக்கொண்டிருக்கும். ஹெட் உட்காரும் மேல்தளத்தின் தொடர்ச்சி அது. இன்ஜினைக் கூட்டி முடித்த ஆலை அங்கே ஒரு வரியைப் பஞ்ச் கருவியால் அடிக்கும். 1969 மாடலில் ஆல்டர்னேட்டர் அந்தப் பக்கம் வந்துவிட்டதால் இன்ஜின் காரில் இருக்கும்போதே பார்ப்பது தொல்லை. "ஆல்டர்னேட்டர் மறைக்கிறது, படம் எடுக்க முடியவில்லை" என்ற சாக்கும் அங்கிருந்துதான் பிறக்கிறது. இரண்டு போல்ட்டைத் தளர்த்தினால் ஒதுங்கிவிடும்.

வரியின் அமைப்பு இப்படி: வி0305டிஇசட். முதல் எழுத்து ஆலை. வி என்றால் மிச்சிகனின் ஃபிளின்ட். அடுத்த நான்கு இலக்கம் மாதமும் நாளும். இங்கே மார்ச் 5. ஆண்டு கிடையாது. கடைசி இரண்டு எழுத்து, எந்த வாகனத்துக்கு எந்த இன்ஜின் என்ற குறி. 1969 இசட்28-இன் 302-க்கு அது டிஇசட், 1968-இல் எம்ஓ. 1970 மாடலிலிருந்து இந்தக் குறி மூன்று எழுத்தாகிவிட்டது. அதனால் "1969" என்று விற்கும் பிளாக்கின் திட்டில் மூன்றெழுத்துக் குறி இருந்தால் வார்ப்புத் தேதியின் 9 எதைக் குறிக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு அருகிலோ, ஆயில் ஃபில்டருக்கு மேலே பிளாக்கின் பக்கவாட்டிலோ இன்னொரு வரி இருக்க வேண்டும். 1968 மாடலிலிருந்து காரின் வின் எண்ணில் (வாகன அடையாள எண்) ஒரு பகுதியை இன்ஜினிலும் அடித்தார்கள், திருட்டைத் தடுக்க. ஷெவர்லேக்கு 1, ஆண்டுக்கு 9, நோர்வுட் ஆலை என்றால் என் என்ற எழுத்து, பிறகு அந்தக் காரின் ஆறு இலக்க வரிசை எண். லாஸ் ஏஞ்சலிஸின் வேன் நைஸ் ஆலை என்றால் எல். காரின் டாஷ்போர்டில் உள்ள வின் எண்ணின் கடைசி ஆறு இலக்கமும் இதுவும் ஒன்றானால்தான், இந்த இன்ஜின் இந்தக் காரோடு பிறந்தது. வேறு எந்தப் பொருத்தமும் அதைச் சொல்லாது.

இப்போது மூன்று தேதியையும் வரிசையில் நிறுத்திப் பார்க்கலாம். பிளாக் வார்த்த நாள் முதலில், இன்ஜின் கூட்டிய நாள் இரண்டாவது, கார் உடல் கட்டிய வாரம் மூன்றாவது. உடல் கட்டிய வாரம், இன்ஜின் அறையின் பின்சுவரில் அறைந்த ஃபிஷர் தகட்டில் (கார் உடல் கட்டிய ஃபிஷர் பிரிவின் தகடு) இருக்கும்: 03சி என்றால் மார்ச் மூன்றாம் வாரம். பிப்ரவரி 20-இல் வார்த்து, மார்ச் 5-இல் கூட்டி, மார்ச் மூன்றாம் வாரத்தில் காரில் ஏறினால் இயல்பு. வார்ப்புத் தேதி "சி 14 9", திட்டில் 0305 என்றால் என்ன அர்த்தம்? மார்ச் 14-இல் வார்த்த பிளாக்கை மார்ச் 5-இல் இன்ஜினாகக் கூட்டிவிட்டார்கள். திட்டு பொய், வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. மறுபக்கம், வார்ப்புக்கும் கூட்டலுக்கும் நடுவே ஏழெட்டு மாதம் இடைவெளி இருந்தால் அது முடியாதது அல்ல, ஆனால் வேறு சான்று கேட்க வேண்டிய இடம். வழக்கமான இடைவெளி சில நாளிலிருந்து ஓரிரு மாதத்துக்குள் அடங்கும்.

திட்டை மறுபடி அடித்தவர்கள்

திட்டு ஹெட்டின் தளத்தோடு ஒட்டியிருப்பதுதான் சிக்கலின் வேர். இன்ஜினைப் புதுப்பிக்கும்போது தளத்தை ஃபேஸிங் செய்வது (சமமாகச் சீவுவது) நியாயமான வேலை. கட்டர் திட்டின் மேலேயும் ஓடினால் எண்கள் போய்விடும். எண்ணின் மதிப்பு தெரிந்த பட்டறை திட்டுக்கு முன்பே கட்டரை நிறுத்தும். எழுபதுகளில் இதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? ஆகவே வழவழப்பான வெற்றுத் திட்டு மோசடிக்குச் சான்று ஆகாது. நேர்மையாக "எண் இல்லை" என்று போட்டு, அதற்கேற்ற விலை கேட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தில் பிறகு புதிதாக எண் முளைப்பதுதான் குற்றம். வாகன அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி தண்டனைக்குரியது.

தொழிற்சாலையில் அந்தத் தளத்தை புரோச் என்ற நீண்ட பல்வரிசைக் கருவியால் இழுத்துச் சீவினார்கள். அதனால் திட்டில் மெல்லிய நேர்கோடுகள் கிராங்க் ஷாஃப்டுக்கு இணையாக, முன்னிருந்து பின்னாக ஓடும். பட்டறையின் ஃபேஸிங் கட்டர் சுழல்வது. அது விடும் தடம் வளைகோடு. திட்டில் வில்போல வளைந்த கோடுகள் தெரிந்து, அவற்றின் மேல் எண் இருந்தால், எண் பட்டறைக்குப் பிறகு வந்தது.

இது தெரிந்த ஏமாற்றுக்காரர் எமரித் தாளை நீளவாக்கில் இழுத்து நேர்கோடு போடுவார். அதையும் பிடிக்கலாம். புரோச் கோடுகள் சீரான இடைவெளியில், ஒரே ஆழத்தில், ஓரம்வரை நேராகப் போகும். எமரிக் கோடுகள் கனம் மாறி, சற்றே அலைந்து, ஓரத்தில் மழுங்கும். இன்னும் முக்கியமானது எது முந்தி என்ற கேள்வி. ஆலையில் முதலில் கோடு, பிறகு எண். ஆகவே பஞ்ச் இறங்கிய இடத்தில் கோடு நசுங்கி அறுபட வேண்டும். எண்ணின் விளிம்பின் மேலேயே கீறல் ஏறி இறங்கிப் போனால், எண் அடித்தபின் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். இன்ஜின் ஆலை தன் வரியை ஒரு பிடியில் எழுத்துகளைக் கோத்து ஒரே அடியாக அடித்தது. கார் ஆலை வின் வரியை வேறு ஊரில், வேறு கருவியால், வேறொரு நாளில் அடித்தது. இரண்டு வரியும் ஒரே அச்சு, ஒரே ஆழம், ஒரே நேர்த்தி என்று இருந்தால் ஒரே ஆள் ஒரே மதியத்தில் உட்கார்ந்து அடித்தது என்று பொருள். ஆலையின் அடி பல நேரம் கோணலாக, ஒரு பக்கம் ஆழமாக, சில சமயம் இரட்டையாகக்கூட விழுந்திருக்கும். மிக அழகான திட்டு எனக்கு எப்போதும் சந்தேகம்.

தூரத்திலிருந்தே தெரிபவை

எண்ணே தெரியாத படத்திலும் சில விஷயங்களை மறைக்க முடியாது. ஆயில் டிப்ஸ்டிக் 1979 வரை இடப்புறம், 1980-இலிருந்து வலப்புறம். "1970 எல்டி1" (350-இன் அதிகத் திறன் வகை) என்ற தலைப்பின் கீழே வலப்புறம் டிப்ஸ்டிக் நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த படத்தைப் பார்க்க வேண்டியதில்லை. டேப்பெட் கவரின் போல்ட்டுகள் ஓரங்களில் இல்லாமல் நடுவில் ஒரே வரிசையாக இருந்தால் ஹெட்டுகள் 1987 அல்லது அதற்குப் பிந்தியவை. கிராங்கின் பின்புற ஆயில் சீல் ஒரே வளையமாக இருந்தால் பிளாக் 1986 அல்லது அதற்குப் பின்.

பழைய பக்கத்திலும் இப்படிச் சில உண்டு. 1955 பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு இடமே கிடையாது. பக்கவாட்டில் இன்ஜின் மவுன்ட் பொருத்தும் புடைப்புகள் 1958-இல்தான் வந்தன. அந்தப் புடைப்போடு "1957 ஃப்யூல் இன்ஜெக்ஷன் 283" என்று ஏலத்துக்கு வந்தால் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஹெட்டின் முன்முகத்தில் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் மாட்டும் திருகுத் துளைகள் 1969-இலிருந்து. 1967 என்று விற்கும் இன்ஜினின் ஹெட்டில் அவை இருந்தால், குறைந்தது ஹெட் வேறு.

ஹெட் பற்றி இன்னொரு சொல். முன்முகத்தில் இரட்டைத் திமில் போன்ற வார்ப்புக் குறியுள்ள ஹெட்டை "ஃப்யூலி ஹெட்" (ஃப்யூல் இன்ஜெக்ஷன் இன்ஜினின் ஹெட்) என்று கூவி விற்பார்கள். திமில் இருப்பதாலேயே பெரிய வால்வு இருப்பதாக ஆகிவிடாது, 1.94 அங்குல இன்டேக் வால்வோடும் வந்தது, 2.02 அங்குலத்தோடும் வந்தது. டேப்பெட் கவரைக் கழற்றினால் உள்ளே வார்ப்பு எண்ணும் ஹெட்டுக்கென்று தனி வார்ப்புத் தேதியும் கிடைக்கும். வால்வின் அளவு ஹெட்டைத் திருப்பிப் போட்டால்தான் உறுதி.

"நான்கு போல்ட் மெயின்" என்பதும் அப்படித்தான். நடு மூன்று மெயின் பேரிங் கேப்களில் இரண்டுக்குப் பதில் நான்கு போல்ட் இருப்பது வலுவான பிளாக். 1969-இன் 302 அப்படி வந்தது. ஆனால் 3970010 இரண்டு வகையிலும் உண்டு. வெளியிலிருந்து ஒரு அடையாளமும் இல்லை. ஆயில் சம்பைக் கழற்றிய படம் இல்லாமல் அந்தச் சொல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது. சம்ப் கழன்றால் கிராங்க்கையும் பார்த்துவிடலாம்: 1968, 69-இன் 302-இல் ஃபோர்ஜிங் (வார்க்காமல் அடித்து உருவாக்கிய) கிராங்க், அதில் 1178 என்ற குறி இருக்கும். கேட்கும் விலை 302-க்குரியது என்றால் இந்தப் படம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

ஷெவர்லேயின் பெரிய பிளாக் வி8-இல் ஏமாற்றின் ருசி வேறு. 427-க்கும் 454-க்கும் விட்டம் ஒன்றே, 4.251 அங்குலம், ஸ்ட்ரோக் 3.76-உம் 4.00-உம். 3963512 என்ற பிளாக் 1969-இல் 427-ஆகவும் 1970-இல் 454-ஆகவும் போனது. ஏர் கிளீனரில் ஒட்டும் "427" ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும். இதைவிட மோசம் லாரி 427. கனரக லாரிகளுக்கென்று வந்த அந்த பிளாக்கின் தளம் கார் பிளாக்கைவிட 0.4 அங்குலம் உயரம். கன அங்குலம் 427 என்பது உண்மை. ஆனால் காரின் இன்டேக் மேனிஃபோல்ட் இடைத்தகடு வைக்காமல் உட்காராது, பிஸ்டன் வேறு, குணமும் வேறு. "427 பெரிய பிளாக், முழுமையானது" என்று மொட்டையாக எழுதி, இன்டேக் இல்லாமல் படம் போட்டிருந்தால் முதல் கேள்வி தள உயரம் பற்றியதாக இருக்கட்டும்: கார் என்றால் 9.8 அங்குலம், லாரி என்றால் 10.2.

ஏலக் குறிப்பின் சொற்கள்

"நம்பர்ஸ் மேட்சிங்" என்பதைப் பலர் பல அளவுக்கு இழுக்கிறார்கள். வின் எண் பொருந்துகிறது என்பதும் அதுதான், வார்ப்பு எண் அந்த மாடலுக்குச் சரி என்பதும் சிலருக்கு அதுதான். "டேட் கோட் கரெக்ட்" என்றால் வேறு காரின் இன்ஜின், தேதி மட்டும் ஒத்துப்போகும்படி தேடி எடுத்தது. அதில் தவறில்லை, விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. "ஒரிஜினல் என்று நம்பப்படுகிறது" என்றால் திட்டைப் பார்த்திருக்கிறார், சொல்ல விரும்பவில்லை. என் வழக்கமான கேள்வி ஒன்றே: "திட்டில் உள்ள வின் வரி காரின் வின் எண்ணோடு பொருந்துகிறதா, ஆம் அல்லது இல்லை?" பதில் ஏலத் தளத்தின் செய்திப் பெட்டியில் எழுத்தாக வர வேண்டும். தொலைபேசியில் சொன்னது தகராறு வந்தால் நிற்காது.

திட்டில் சி.இ. என்று தொடங்கி ஒரு வரி இருந்தால் பயப்பட வேண்டாம். உத்தரவாதக் காலத்தில் இன்ஜின் கெட்டு, டீலர் மாற்றிக் கொடுத்த பிளாக் அது. அடுத்த இலக்கம் ஆண்டு. காரோடு பிறந்ததல்ல, ஆனால் நேர்மையான வரலாறு. இசட்28, கார்வெட் போன்றவற்றை ஓட்டியவர்கள் ஓட்டிய விதத்துக்கு இப்படி மாறிய இன்ஜின்கள் இருப்பதில் வியப்பில்லை. சி.இ. வரியைச் சீவிவிட்டு டிஇசட் அடித்த கொடுமையும் நடந்திருக்கிறது.

"முழுக்கப் புதுப்பித்தது" என்ற சொல்லுக்குப் பின்னால் பல நேரம் ஒரு கேஸ்கெட் செட்டும் இரண்டு டின் ஆரஞ்சு ஸ்பிரே பெயின்டும்தான் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். பெயின்ட் கேஸ்கெட் விளிம்பின் மேலும், போல்ட் தலையின் அழுக்கின் மேலும், வெல்ஷ் பிளக்கின் துருவின் மேலும் ஒரே பூச்சாகப் படிந்திருந்தால் எதையும் கழற்றவில்லை. உண்மையாகப் புதுப்பித்தவரிடம் லேத் பட்டறையின் பில் இருக்கும்: எவ்வளவு ரீபோர், கிராங்க் எவ்வளவு கிரைண்ட், விரிசல் சோதனை செய்ததா. 350-இல் 0.030 அங்குலம் வழக்கம், 0.060 ஏற்கெனவே போயிருந்தால் அடுத்த முறைக்குச் சுவரில் இடம் இல்லை, சூடேறவும் வாய்ப்பு அதிகம். குளிர்நாட்டில் தண்ணீர் உறைந்து பிளாக்கின் பக்கச்சுவரில் கிடைமட்டமாக விரிசல் விடுவது உண்டு. புதுப் பெயின்ட்டுக்குக் கீழே அது தெரியாது. கை தடவினால் தெரியும், படம் தடவாது.

கம்ப்ரெஷன் எண்களைக் கொடுத்தால் எப்படி எடுத்தார் என்று கேட்க வேண்டும். இன்ஜின் சூடாக, எட்டு பிளக்கும் கழற்றி, த்ராட்டில் முழுக்கத் திறந்து எடுக்க வேண்டும். உச்ச எண்ணுக்கும் குறைந்த எண்ணுக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சரி. எட்டுச் சிலிண்டரும் சொல்லிவைத்தாற்போல 150 காட்டினால் அளவுகோலைவிடப் பேனா அதிகம் வேலை செய்திருக்கிறது. ஓடும் வீடியோ என்றால் குளிர்ந்த இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்வதிலிருந்து வெட்டாமல் வேண்டும். ஏற்கெனவே சூடாக்கிய இன்ஜினில் பேரிங் சத்தமும் முதல் புகையும் ஒளிந்துகொள்ளும்.

படம் கேட்கும் முறை

"எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்றால் மங்கலாக ஒன்று வரும். எப்படி எடுப்பது என்றும் சொல்லிக் கொடுப்பது நல்லது. திட்டைப் பிரேக் கிளீனரும் துணியும் கொண்டு துடைக்க வேண்டும். பெயின்ட் இருந்தால் பெயின்ட் ரிமூவர். ட்ரில்லில் மாட்டும் கம்பி பிரஷ், எமரித் தாள், ஃபைல் மூன்றும் கூடாது, புரோச் கோடு அதிலேயே போய்விடும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திட்டின் மட்டத்துக்குத் தாழ்த்தி இடப்பக்கமிருந்து ஒரு படம், வலப்பக்கமிருந்து ஒரு படம். பக்கவெளிச்சத்தில்தான் கோடும் எண்ணின் ஆழமும் தெரியும். மூன்றாவது படம் முக்கியமானது: திட்டு, ஹெட்டின் ஓரம், வாட்டர் பம்ப் மூன்றும் ஒரே சட்டத்தில், பக்கத்தில் ஏல எண்ணை எழுதிய துண்டுச் சீட்டோடு. வேறு இன்ஜினின் திட்டுப் படத்தை எடுத்துப் போடுவதை இது தடுக்கும். வார்ப்பு எண்ணுக்கும் தேதிக்கும் அதே முறை.

இவ்வளவு கேட்டால் கோபிப்பவரும் உண்டு. நல்ல பொருள் வைத்திருப்பவர் பெரும்பாலும் கேட்காமலே இந்தப் படங்களைப் போட்டிருப்பார், அவை அவருடைய விலையை ஏற்றும் படங்கள்.

காரோடு சேர்த்து வாங்கும்போது ஆவணமும் உதவும், பிராண்டுக்கு ஏற்றபடி. ஃபோர்டில் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தே இன்ஜின்: 1969 மஸ்டாங்கில் ஆர் என்றால் 428 கோப்ரா ஜெட், ஜி என்றால் பாஸ் 302. 1967 முதல் வந்த ஃபோர்டுகளுக்கு மார்ட்டி அறிக்கை (ஆலைப் பதிவிலிருந்து தயாரித்துத் தரும் ஆவணம்) கிடைக்கும். கிரைஸ்லரிலும் ஐந்தாவது எழுத்து பேசும். 1970-இல் ஆர் என்றால் 426 ஹெமி, வி என்றால் மூன்று கார்புரேட்டர் 440. எழுத்து வேறாக இருந்தால் இன்ஜினில் எது அடித்திருந்தாலும் அந்தக் கார் ஹெமியாகப் பிறக்கவில்லை. போன்டியாக்குக்கு பி.ஹெச்.எஸ். (போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) ஆவணம். ஷெவர்லேயின் 1969 வின் எண்ணில் இந்த வசதி கிடையாது. 12437 என்று தொடங்கினால் வி8 கமாரோ கூபே, 12337 என்றால் ஆறு சிலிண்டர், அவ்வளவே. இன்ஜினுக்கு எழுத்து வந்தது 1972-இல். நோர்வுட்டில் 1968 டிசம்பர் நடுவிலிருந்து கட்டிய கார்களின் ஃபிஷர் தகட்டில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருந்தால் அது இசட்28 என்பதற்கு நல்ல சான்று. அதே காலத்தில் வேன் நைஸில் கட்டிய காரின் தகட்டில் அந்தக் குறி இல்லை என்பதால் சந்தேகப்படக் கூடாது, அங்கே போடவே இல்லை. கனடாவில் விற்ற கார்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவிடம் பழைய பதிவு கேட்டுப் பெறலாம்.

இன்ஜினை மட்டும் வாங்குகிறவர் கடைசியாக எடையையும் நினைக்க வேண்டும். முழுதாகக் கூட்டிய சின்ன பிளாக் கிட்டத்தட்ட 260 கிலோ, பெரிய பிளாக் 300-ஐத் தாண்டும். மரப்பலகையில் கட்டி லாரியில் ஏற்றினால் போக்குவரத்துச் செலவே கணிசம். திருப்பி அனுப்பவும் அதே செலவு, அதை யார் ஏற்பது என்பதில்தான் பெரும்பாலான தகராறும் நிற்கிறது. ஆகவே வந்து இறங்கியதும் கட்டை அவிழ்க்கும் முன் நான்கு பக்கமும் படம், அவிழ்த்ததும் வார்ப்பு எண், தேதி, திட்டு மூன்றையும் விற்பவர் அனுப்பிய படத்தோடு வைத்துப் பார்ப்பது, பிறகு புகார் செய்யத் தளம் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சம்பைக் கழற்றி மெயின் கேப்பையும் கிராங்க் எண்ணையும் சரிபார்ப்பது. ஹெட்டை இறக்கி விட்டம் அளப்பதாக இருந்தால் விற்பவரிடம் எழுத்தில் சொல்லிவிட்டே இறக்க வேண்டும். இல்லையென்றால், "நீங்கள் பிரித்ததால் திருப்பி எடுக்க மாட்டேன்" என்ற பதில் தயாராக இருக்கும்.